கோமளாக்கா வைக்காத பரீட்சை

எங்கள் ஆபீசில் யார் தப்புச் செய்தாலும் முதலில் கோமளாக்காவின் கண்ணில்தான் படும். வாசலில் யாராவது செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டிருந்தால் காலாலேயே நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். போர்டில் எழுத்துப் பிழை இருந்தால், எழுதியது முதலாளியாகவே இருந்தாலும் சரி, போகிற போக்கில் அழித்துத் திருத்திவிடுவார். பட்டாபிராமில் வீட்டிலேயே பல வருஷம் டியூஷன் எடுத்தவர். அந்தத் தெருவில் அவருக்குக் கோமளா என்று ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'மிஸ்'தான்.

அப்படிப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு, மனுஷர்கள் தப்புத் தப்பாகச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு, வாயை மட்டும் திறக்காதே என்று ஒரு வேலையைக் கொடுத்தார் எங்கள் முதலாளி ஜானகிராமன் சார். இதைவிடப் பொருத்தமில்லாத ஆளை அம்பத்தூர் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

நான் ஜெகதீஷ். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இப்போது சென்னீர்குப்பத்தில் ஒரு ஃப்ளாட்டில் நண்பர்களோடு குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே லேத் பட்டறை ஓடுகிற ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்கூல் வேன்களுக்காக ஒரு ஆப் செய்கிறோம். வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது, பிள்ளை ஏறியாயிற்றா, நாளைக்கு லீவா என்பதையெல்லாம் அம்மாக்களும் டிரைவரும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆப்பின் திரைகளை வரைகிறவன் நான். நான் வரைந்ததை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோமளாக்கா எங்களிடம் வந்தது போன் எடுக்கும் வேலைக்கு. அவர் தெருமுனையில் ஏசி போட்ட கோச்சிங் சென்டர் ஒன்று வந்ததும் டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டன. பெஞ்சுகள் மட்டும் மிச்சம். எங்கள் ஆபீசில், 'ஆப் வேலை செய்யல' என்று யாராவது போன் செய்தால் மற்றவர்கள் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று சொல்லி வைத்துவிடுவோம். அவர் மட்டும், "இப்போ உங்க கண்ணு முன்னாடி என்ன தெரியுது? அதுக்கு முன்னாடி எதைத் தொட்டீங்க?" என்று நிதானமாகக் கேட்பார். ஜானகிராமன் சார் இதை ஒரு நாள் நின்று கேட்டுவிட்டார்.

அப்போதுதான் அவர் பெங்களூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டுப் புது வேகத்தோடு திரும்பியிருந்தார். ஆப்பைக் கட்டி முடித்தபிறகு ஜனங்களிடம் கொடுத்துத் திட்டு வாங்கக் கூடாதாம். வரைபடமாக இருக்கும்போதே நாலு பேர் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டுமாம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆட்கள் உண்டு. எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

"கோமளா மேடம், நீங்க இதைக் கத்துக்குங்க. மூணு மாசம் பாருங்க. சரியா வந்தா வேலை நிரந்தரம்" என்றார்.

மறுநாளே போன் எடுக்கிற நாற்காலியில் வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். அதாவது இது சரிப்படவில்லையென்றால் கோமளாக்காவுக்குத் திரும்பிப்போக ஆபீசில் இடமில்லை. அவரே என்னிடம் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "வீட்டுக்குத் திரும்பிப் போனா தெருவே கேக்கும் ஜெகதீஷ், ஆபீஸ் என்னாச்சு மிஸ்னு. அதை மட்டும் என்னால தாங்க முடியாதுப்பா."

படிக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் ஒரு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வீடியோ முடிகிற வரைக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். "இந்தாளு என்ன வாயே திறக்க மாட்டேங்குறாரு? அந்தம்மா பாவம், தப்பான இடத்துல போய் நிக்குது. பக்கத்துலதானே இருக்கு, காட்டிக் குடுத்தா என்ன?" என்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முதல் திட்டத்தை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். பார்த்தால் அசல் கேள்வித்தாள். பகுதி அ, பகுதி ஆ என்று பிரித்து, ஓரத்தில் மதிப்பெண்ணும் போட்டிருந்தார். முதல் கேள்வி: 'இந்த மஞ்சள் பட்டன் உங்களுக்கு வசதியாக உள்ளது அல்லவா?'

நான் சிரித்த சிரிப்பில் பட்டறைக்காரர்கள்கூட மேலே எட்டிப் பார்த்திருப்பார்கள். "அக்கா, இப்படிக் கேட்டா யாருக்கா இல்லைன்னு சொல்லுவா? வீட்டுக்கு வந்து சாம்பார் நல்லாருக்கான்னு கேக்கற மாதிரி இருக்கு."

கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். இந்த முறை உச்சியில் ஒரே ஒரு வரி: 'இதிலிருந்து நமக்கு என்ன தெரிய வேண்டும்?' அதற்குக் கீழே கேள்விக்குப் பதிலாக ஒரு சின்னக் கதை: 'உங்கள் பையனுக்குக் காய்ச்சல். நாளைக்கு ஸ்கூலுக்கு வரமாட்டான். வேனுக்குச் சொல்ல வேண்டும். இந்தப் போனில் எப்படிச் சொல்வீர்கள்?' பட்டன் என்ற பேச்சே அதில் இல்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த மஞ்சள் பட்டன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புதிதாக மாற்றி வரைந்துகொண்டிருந்த ஆப்பில், 'நாளைக்கு லீவு' என்று வேனுக்குச் சொல்கிற பட்டன் அது. அதை மேலே வலது மூலையில் வைக்க வேண்டும் என்பது ஜானகிராமன் சார் கட்சி. கீழே, கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வாரக்கணக்காக இதே சண்டை. ஆகவே கோமளாக்கா கண்டுபிடிக்க வேண்டியதும் அதுதான்: அம்மாக்கள் அந்தப் பட்டனை யாரும் சொல்லாமல் தாமாகவே கண்டுபிடிக்கிறார்களா?

வாயைக் கட்டும் பயிற்சி அவர் வீட்டில் நடந்தது. மீன் குழம்பு என்று சொன்னதால் நானும் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் தசரதன் அண்ணன் கையில் போனைக் கொடுத்துக் காய்ச்சல் கதையைச் சொன்னோம். அவர் வேனின் படத்தைத் தொட்டார். "அது இல்லீங்க!" என்றார் அக்கா. அவர் பக்கத்திலிருந்த மணிச் சின்னத்தைத் தொட்டார். "அய்யோ, அதுவும் இல்ல!" என்று கையில் ஒரு தட்டு விழுந்தது. அடுத்த முறை அக்கா போனைப் பிடுங்கித் தானே அமுக்கிவிட்டு, "இவ்வளவுதான்! என்ன கஷ்டம் இதுல?" என்று கேட்டார்.

"அப்போ நான் பாஸா?" என்றார் தசரதன் அண்ணன்.

அன்றிலிருந்து கல்கண்டு வைத்தியம். யாராவது போனைக் கையில் எடுத்தால் அக்கா ஒரு பெரிய கல்கண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். கரையும்வரை பேச்சு வராது. ஆபீசில் எல்லோர் கையிலும் போனைக் கொடுத்துப் பழகினார். கன்னம் உப்பிக்கொண்டு, கண் இரண்டும் துடிக்க, அவர் படுகிற பாட்டைப் பார்க்கவே சிலர் வேண்டுமென்று தப்பாக அமுக்கினார்கள்.

ஒரு வழியாக நாள் குறித்தோம். சனிக்கிழமை, பட்டாபிராமில் அவர் வீட்டிலேயே. அவர் தெரு அம்மாக்கள்தான் ஆட்கள். எல்லோருடைய பிள்ளைகளும் வேனில் போகிறவர்கள், அதனால் பொருத்தம்தான் என்று நானும் தலையாட்டினேன். அதற்கு முன்னால் புதன்கிழமை ஒரே ஒருவரை வைத்து ஒத்திகை. நம் கதை புரிகிறதா, படங்கள் ஒழுங்காக நகர்கின்றனவா என்று பார்ப்பதற்கு. அதற்கு வந்தவர் எதிர்வீட்டுக் கலைவாணி. அன்றைக்குப் போனில் இருந்தது சார் கட்சிப்படி, மஞ்சள் பட்டன் மேலே வலது மூலையில். கலைவாணி அங்குமிங்கும் தடவி, கடைசியில் கண்டுபிடித்தார். இதை வைத்துத்தான் தன் வேலையே இருக்கிறது என்று அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் சாரைப் பிடித்து, அவர் தலையைத் தின்று, பட்டனைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். சோதனைக்கு மட்டும் என்று அவரும் சம்மதித்தார். அக்காவிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். காலியான மேல் மூலை வெறிச்சென்று இருந்ததால் அங்கே அழகுக்கு ஒரு சின்ன மேகம் வரைந்தேன். நல்ல மேகம்.

சனிக்கிழமை வந்த அம்மாக்களைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ போலிருந்தது. எல்லோரும் தலைவாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார்கள். ஒருவர் நெற்றியில் அப்போதுதான் இட்ட விபூதி. டியூஷன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். அக்கா கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு காய்ச்சல் கதை எழுதிய அட்டையை நீட்டினார். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன்.

முதலில் வந்தவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேராக மேலே வலது மூலையில் என் மேகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டு, "ஆச்சு மிஸ்" என்றார். அடுத்தவரும் மேகம். அதற்கடுத்தவரும் மேகம். வந்த அத்தனை பேரும் என் மேகத்தை அமுக்கிவிட்டு, ஜெயித்த முகத்தோடு வெளியே போனார்கள். கீழே பளிச்சென்று இருந்த மஞ்சள் பட்டனை ஒருவர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஜானகிராமன் சாரைத் திங்கட்கிழமை கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா ஜெகதீஷ்! வெறும் மேகம்தான் இருக்கு, அப்பவும் கை அங்கதான் போகுது! மனுஷனோட இயற்கையே அதுதான்யா!" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பட்டனை மறுபடி மேலே ஏற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத் தாளாளரிடம் காட்டி, அன்றைக்கே ஆப்பைக் கட்டுகிற வேலையை ஆரம்பித்துவிடலாம் என்றார். அக்காவைப் பார்த்து, "உங்களை நிரந்தரமாக்குற லெட்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டேன் மேடம். நாளைக்கு வாங்கிக்குங்க" என்றார்.

அக்கா சாயங்காலமே எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். கசந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். "ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வா. சார் வர்றதுக்குள்ள வா." குரலே சரியில்லை.

போனால், டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பட்டாபிராம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ரேஷ்மா என்பவர் வந்து பேசியிருக்கிறார். சனிக்கிழமை வந்த அம்மாக்களில் அவரும் ஒருவர்.

"மிஸ், ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. சனிக்கிழமை நீங்க குடுத்தது அவுட் ஆஃப் போர்ஷன்."

"என்னம்மா சொல்றே?"

"மேல வலது மூலைன்னுதானே படிச்சிட்டு வந்தோம்? அங்க மேகம் இருந்துச்சே மிஸ். ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு. சரி, கலைவாணி சொன்ன இடத்துலயே அமுக்கிடுவோம்னு அமுக்கிட்டேன். மார்க் வருமா?"

ஒத்திகை முடிந்து போன கலைவாணி சும்மா இருக்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்: 'மிஸ் டெஸ்ட் வைக்கிறாங்க. பையனுக்குக் காய்ச்சல்னு வரும். மேலே வலது மூலை, மஞ்சள். கண்ணை மூடிக்கிட்டு அமுக்குங்க.' போதாததற்கு வீடு வீடாகப் போய்ப் பாடமும் எடுத்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு ரேஷ்மா சொன்ன பதில்தான் அவரை அடித்துப் போட்டிருந்தது: "நாங்க ஒழுங்கா பண்ணலேன்னா உங்க வேலை போயிடும்னு கலைவாணி சொன்னாங்க மிஸ். நீங்க எங்க பசங்களுக்கு எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. உங்களை நாங்க விட்டுடுவோமா?"

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் பட்டன் பிழைத்தது. மனுஷனுடைய இயற்கையாம், மண்ணாங்கட்டியாம்! அப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்தது.

"அக்கா, இன்னைக்கு லெட்டரை வாங்கிக்குங்க. ரெண்டு நாள் கழிச்சு நிதானமா சொல்லிக்கலாம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"காப்பியடிச்ச பேப்பர்னு தெரிஞ்சும் மார்க் போடச் சொல்றியா? அதுவும் எனக்கு நானே?" என்று எழுந்துவிட்டார். டீ அப்படியே இருந்தது.

நேராக சார் அறைக்குள் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். என் தெருவிலேயே ஆள் பிடித்தது என் தப்பு, என்னைத் தெரியாதவர்களாகப் பார்த்திருக்க வேண்டும் என்றார். சார் பூந்தமல்லித் தாளாளரிடம் ஏற்கெனவே பெருமையடித்துவிட்டிருந்தார். மனுஷருக்கு அவமானம்.

"ஒரு வாரம் டைம். வெள்ளிக்கிழமையை அடுத்த வெள்ளிக்கிழமைன்னு மாத்தறேன். லெட்டர் என்கிட்டயே இருக்கட்டும். இந்தத் தடவை நானும் வந்து கூடவே உக்காந்து பாப்பேன்" என்றார். இதுவும் சொதப்பினால் லெட்டர் வராது என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது திட்டத்தை அக்கா எழுதும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். பட்டாபிராம் பக்கமே போகக் கூடாது. டெஸ்ட் என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. ஒருவர் முடித்து வீட்டுக்குப் போனபிறகு அடுத்தவரிடம் கதை மாற வேண்டும்: ஒருவர் பையனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிறார். இடம் கரையான்சாவடி. எங்கள் பழைய ஆப்பை வைத்திருக்கும் சின்னப்பையன் என்ற டிரைவர், ஸ்கூல் விடுகிற வரைக்கும் வேனை மர நிழலில் நிறுத்தியிருப்பார். அந்த வேனுக்குள்ளேயே உட்கார்ந்து நடத்துவது என்று முடிவு. வேன் விஷயத்தை வேனில் கேட்பதுதானே முறை? போனில் சனிக்கிழமைப் படமே இருக்கட்டும், பட்டன் கீழே, மேகம் மேலே என்று சாரும் விட்டுவிட்டார்.

முதல் நாள் அக்கா ஒரு அம்மாவிடம், "பயப்படாதீங்கம்மா, இது பரீட்சையெல்லாம் இல்ல" என்று ஆரம்பித்தார். "பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போன வேகத்தில் செருப்புகூடச் சரியாகப் போடவில்லை. அடுத்த ஆளிடம் அக்கா பாட்டை மாற்றினார். என் பக்கம் கையைக் காட்டி, "இதோ உக்காந்திருக்கானே, இந்தத் தம்பி வரைஞ்சது இது. எங்கெங்க சொதப்பி வெச்சிருக்கான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார்.

என்ன மாயமோ, கரையான்சாவடியே வேனுக்குள் ஏறிவிட்டது. ஒருவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நம் ஜனங்களுக்குத்தான் எவ்வளவு உற்சாகம்! எழுத்து பொடி பொடியாக இருக்கிறது என்றார்கள். மேகம் எதற்கு என்று கேட்டார்கள். ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்சவந்தானே நீ?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பட்டனைச் சிலர் உடனே பார்த்தார்கள், சிலர் தேடினார்கள். பார்த்தவர்களிலும் சிலர் அமுக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது ஏன் என்றுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அக்கா மட்டும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜானகிராமன் சார் வந்த அன்று நல்ல வெயில். கடைசி சீட்டில், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில், முட்டி இரண்டும் முகவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் சின்னப்பையன் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். எழிலரசி என்ற அம்மா ஏறி வந்தார். ரோட்டு மேலேயே ஒரு தையல்கடையில் வேலை. பையன் இரண்டாம் வகுப்பு, இந்த டிரைவர் சின்னப்பையனின் வண்டியில்தான் வருகிறான். அக்கா என்னைக் காட்டி வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, காய்ச்சல் கதையைச் சொல்லி, போனைக் கையில் கொடுத்தார்.

எழிலரசி போனைப் பார்த்தார். கட்டைவிரல் மெதுவாகக் கீழே இறங்கி, மஞ்சள் பட்டனுக்கு நேர் மேலே வந்து நின்றது. எனக்கு மனசு துள்ளியது. பார், என் பட்டன்! ஆனால் விரல் அமுக்கவில்லை. பின்வாங்கியது. மறுபடி கிட்டே போனது. மறுபடி வாங்கிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. அக்காவிடம் அன்றைக்குக் கல்கண்டும் இல்லை. கையை மடியில் கோத்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரால்தான் தாங்க முடியவில்லை. பின்சீட்டிலிருந்து எட்டி, "அம்மா, அங்கதான், கீழ மஞ்சளா இருக்கு பாருங்க, அதைத்தான் நீங்க..."

"உஷ்! யாரங்க பேசறது? வாயில விரல் வை!"

அது கோமளாக்காவின் குரல். பட்டாபிராமில் ஒரு தெருப் பிள்ளைகளையே அடக்கி ஆண்ட குரல். சார் விரல் தானாக எழுந்து அவர் உதட்டின்மேல் போய் உட்கார்ந்தது. சின்னப்பையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பேனாவைக் கீழே போட்டேன். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அக்காவுக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. லெட்டர் போச்சு, வேலை போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழிலரசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய பயம் கொஞ்சம் கரைந்தது.

"யக்கா, மஞ்சளு எனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிப்போச்சுக்கா. கைல வாங்குன ஒடனே பாத்துட்டேன். அமுக்கத்தான் பயமா கீது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"போன வருசம் வேற வேனுக்கா. புள்ளைக்கு அம்மை போட்டுச்சு. வரமாட்டான்னு அந்த டிரைவரு ஊட்ல சொல்லிட்டு வந்தேன். அந்தாளு இன்னா நெனச்சிகினாரோ, நாங்க நின்னுட்டோம்னு சீட்ட வேற புள்ளைக்குக் குடுத்துட்டாரு. அப்பால நானே தெனம் நடத்தி இட்டுகினு போய் உட்டேன். லேட்டா வர்றேன்னு அப்ப இருந்த வேலையும் பூட்ச்சி." போனை அக்காவிடம் நீட்டினார். "இத அமுக்குனா நாளைக்கு மட்டும் வராதா, இனிமே வரவே வராதா? யாருக்குத் தெரியும்? எங்க சின்னப்பையண்ணே அவரு வாயால 'சரிம்மா, காச்ச உட்டதும் சொல்லு, வந்துடறேன்'னு சொன்னாத்தான் நான் நிம்மதியா ஊட்டுக்குள்ள போவேன். இந்த மஞ்சளு அப்டி சொல்லுமா?"

சொல்லாது. அமுக்கினால் ஒரு பச்சை டிக் வரும், அவ்வளவுதான். அதை வரைந்தவன் நான். மேலேயா கீழேயா என்று வாரக்கணக்காக நானும் சாரும் மல்லுக்கட்டினோமே, அமுக்கினபிறகு அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இருவருக்கும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழிலரசியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பேனாவைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டேன்.

"அது கரெக்டு சார்" என்றார் சின்னப்பையன் முன்சீட்டிலிருந்து. "எனக்கும் நான் சரின்னு சொன்னது அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு தெரிஞ்சாத்தான் நல்லது."

எழிலரசி இறங்கிப் போனபிறகு சாரும் கஷ்டப்பட்டு இறங்கி, காலை உதறிக்கொண்டு நின்றார். அக்கா பின்னாலேயே போனார். "சார், மன்னிச்சிடுங்க. பழக்கதோஷத்துல வந்துடுச்சு. உங்களைப் போய் நான்..."

சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு யாருக்கோ போன் போட்டார். பூந்தமல்லித் தாளாளருக்கு. "இல்லீங்க, இந்த வெள்ளிக்கிழமையும் காட்ட முடியாது. டிரைவர் சரின்னு பதில் சொல்ற மாதிரி மாத்தி வரையணும். எப்போன்னா... அதை எங்க கோமளா மேடம் பாத்து முடிச்சாத்தான் சொல்ல முடியும். ஆமாங்க, அவங்கதான் இங்க அதுக்குப் பொறுப்பு."

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீங்க அதட்டலேன்னா நான் சொல்லிக் குடுத்திருப்பேன் மேடம். அந்தம்மாவும் மரியாதைக்கு அமுக்கியிருப்பாங்க. கலைவாணி செஞ்ச அதே வேலை. லெட்டர் நாளைக்கு உங்க டேபிள்ல இருக்கும்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை. "அழுகையா வருது சார்" என்று சொல்லிவிட்டே அழுதார். சந்தோஷமாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன். அங்கே அடுத்த அம்மா கையில் தண்ணீர் பாட்டிலோடு வேனை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கோமளாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வேன் படியில் ஏறினார். சாரும் பின்னாலேயே ஏறப் போனார்.

"நீங்க கீழயே இருங்க சார். இவங்க உங்களைப் பாத்து பயந்துடுவாங்க."

ஜானகிராமன் சார் மறுபேச்சுப் பேசாமல் ஒதுங்கி, அந்த அம்மா ஏறுவதற்கு வழிவிட்டு, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.